குக்கர் விசில் எண்ணும் கருவி: உறைக்கு எந்தப் பிளாஸ்டிக் நல்லது?

வணக்கம் நண்பர்களே. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. கூடத்தில் உட்கார்ந்திருந்தால் குக்கர் விசில் கேட்பதில்லை. இரண்டு முறை பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அதனால் விசிலை எண்ணி, மூன்றானதும் கூடத்தில் ஒரு விளக்கை மின்ன வைக்கும் கருவியைச் செய்துகொண்டிருக்கிறேன்.

அடுப்படியில் ஒரு ஈஎஸ்பி32 போர்டும் (வைஃபை உள்ள சிறிய கணினிச் சில்லுப் பலகை) மைக்கும், கூடத்தில் இன்னொரு போர்டும் விளக்கும். முதலில் சத்தத்தின் அளவை மட்டும் பார்த்ததால் மிக்ஸி ஓடினாலும் எண்ணியது. இப்போது அதிர்வெண்ணைப் பிரித்துப் பார்க்கிறேன், அது சரியாகவே வேலை செய்கிறது.

சிக்கல் உறையில்தான். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் 2 மி.மீ. சுவர் வைத்து 3டி பிரிண்டரில் அச்சிட்டேன். அடுப்புக்குப் பக்கத்து மேடையில் வைத்த ஒரே வாரத்தில் மூடி வளைந்து, திருகு நிற்கவில்லை. பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகும் என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும். மற்ற இழை வகைகளில் பெட்ஜி 80 வரை தாங்கும், ஏபிஎஸ் 100 வரை. ஆனால் என் பிரிண்டர் சுற்றிலும் மூடப்படாத திறந்த வகை. ஏபிஎஸ் போட்டால் ஓரம் தூக்கிக்கொள்கிறது.

அடுப்படியில் பெட்ஜி உறையை மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், மைக் துளை வழியாக ஆவியும் தாளிப்பு எண்ணெயும் உள்ளே போகாமல், விசில் மட்டும் கேட்க எதை ஒட்டலாம்? மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டினால் ஒலி மிகவும் குறைந்துவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.