கொமோடோர் 64: ஃபார்மட் போட்டா 1541 டிரைவ் டடடடன்னு தட்டுது, உதவி பண்ணுங்க

பழையபெட்டி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெர்மனில இருக்கேன், போன மாசம் இங்க பழைய சாமான் சந்தைல ஒரு கொமோடோர் 64-ம் (எண்பதுகள்ல வந்த வீட்டு கம்ப்யூட்டர்) அதோட 1541 ஃப்ளாப்பி டிஸ்க் டிரைவும் கிடைச்சுது, பல வருஷ ஆசை, ரெண்டு நாளா தூக்கமே இல்ல. கூட வந்த, வேற டிரைவ்ல எழுதின பழைய டிஸ்க்கெல்லாம் நல்லா லோட் ஆகுது. ஆனா தனியா வாங்கின காலி டிஸ்க்க போட்டு ஃபார்மட் (டிஸ்க்க எழுதத் தயார் பண்றது) குடுத்தா உடனே உள்ள சுத்தியல் அடிக்கிற மாதிரி டடடடன்னு சத்தம், அப்புறம் கொஞ்ச நேரம் ஓடிட்டு சிவப்பு லைட் மினுக்குது. பயந்துபோய் ஆஃப் பண்ணிட்டேன். டிஸ்க்க படிக்கிற, எழுதுற ஹெட் போயிடுச்சா?

வட்டுப்பிரியன்:
பயப்படாதீங்க ப்ரோ, அந்த சத்தம் 1541-க்கு பிறவிக்குணம். ஹெட் இப்ப எந்த டிராக்ல (டிஸ்க்ல டேட்டா பதியிற வட்டம்) நிக்குதுன்னு சொல்ற சென்சார் இதுல கிடையாது, அதனால ஃபார்மட் ஆரம்பிக்கும்போது கிட்டத்தட்ட 45 டிராக் தூரம் பின்னால போன்னு மோட்டாருக்கு சொல்லுது, டிஸ்க்ல இருக்கிறதே 35 டிராக்தான், அப்ப மிச்ச அடியெல்லாம் ஓரத்துல இருக்கிற தடுப்புல போய் மோதுது. மோதி நின்ன இடம்தான் டிராக் 1-னு கணக்கு. ரீட் எர்ரர் வந்தாலும் இதேதான் பண்ணும், அந்தக் காலத்துல காப்பி எடுக்க விடாம இருக்க வேணும்னே கெட்ட செக்டர் (டிராக்கோட ஒரு துண்டு) வெச்ச கேம்லாம் லோட் ஆகும்போது இப்படித்தான் தட்டும்.

ஸ்க்ரூடிரைவர்:
ரொம்ப வருஷம் இப்படி மோதி மோதி ஹெட் அலைன்மென்ட் (டிராக்குக்கு நேரா நிக்கிற நிலை) நகந்துபோன டிரைவ் நான் பாத்திருக்கேன். திறந்து, ஹெட்ட நகத்துற ஸ்டெப்பர் மோட்டாரோட ஸ்க்ரூவ லேசா லூஸ் பண்ணி திருப்பிப் பாருங்க.

ரீட்எர்ரர்21:
அண்ணா, தயவுசெஞ்சு அந்த ஸ்க்ரூவ தொட வேணாம். வேற டிரைவ்ல எழுதின பழைய டிஸ்க்கெல்லாம் படிக்குதுன்னு அவரே சொல்றாரு, அப்ப அலைன்மென்ட் சரியாத்தான் இருக்கு, அத கலைச்சா திரும்ப கொண்டு வர்றது பெரிய பாடு. தட்டுறது வேற, லைட் மினுக்குறது வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. எனக்கு டிஸ்க் மேலதான் சந்தேகம். அது 1.2 எம்பி ஹெச்டி (ஹை டென்சிட்டி) டிஸ்க்கா? 1541-க்கு டபுள் டென்சிட்டி வேணும், அதோட காந்தப் பூச்சுக்கு 300 ஓர்ஸ்டெட் (காந்தப்புல வலுவோட அளவு) போதும், ஹெச்டிக்கு 600 வாக்குல வேணும், இந்த ஹெட் எழுதுறது அதுல ஒழுங்கா பதியாது. லேபிள் இல்லன்னா நடு ஓட்டையப் பாருங்க, டபுள் டென்சிட்டில பெரும்பாலும் சுத்தி ஒரு வளையம் ஒட்டியிருக்கும், ஹெச்டில பெரும்பாலும் இருக்காது. எர்ரர் நம்பரையும் படிங்க, ஓப்பன் 15,8,15 போட்டு இன்புட் பண்ணணும், ஆனா அத வரி நம்பரோட ப்ரோக்ராமா எழுதினாத்தான் வேலை செய்யும், நேரா டைப் பண்ணா திட்டும்.

பழையபெட்டி:
எர்ரர் 21 ரீட் எர்ரர்னு வருது. பத்து டிஸ்க்லயும் வளையமே இல்ல!! சந்தைல வித்தவர் எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னாரு.

ரீட்எர்ரர்21:
அப்ப அதேதான். பழைய டிஸ்க்ல தேவையில்லாத ஒண்ண எடுத்து ஃபார்மட் பண்ணிப் பாருங்க, டிஸ்க்கோட அடையாளமான ஐடி ரெண்டு எழுத்தும் சேத்துக் குடுங்க, அது இல்லன்னா டைரக்டரிய (ஃபைல் பட்டியல) மட்டும் துடைச்சிட்டு நின்னுடும், டிஸ்க் நல்லாருக்கான்னு தெரியாது. அதுக்கு முன்னாடி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பட்ஸ நனைச்சு ஹெட்ட மெதுவா துடைங்க, இத்தன வருஷ அழுக்கு இருக்கும்.

பழையபெட்டி:
ஆயிடுச்சு!! துடைச்சப்ப பட்ஸ் காப்பி கலர்ல வந்துது. வளையம் இருக்கிற டிஸ்க்க போட்டேன், முதல்ல அதே டடடட, அப்புறம் சின்னச் சின்ன க்ளிக்கா டிராக் டிராக்கா போச்சு, ஒன்றரை நிமிஷம் போல கிட்டயே உக்காந்து கேட்டுட்டு இருந்தேன், லைட் அணைஞ்சுது. டைரக்டரி பாத்தா 664 ப்ளாக் காலின்னு காட்டுது. ரொம்ப நன்றி அண்ணா, ப்ரோ. டபுள் டென்சிட்டி டிஸ்க் யார்கிட்டயாவது மிச்சம் இருந்தா சொல்லுங்க, வாங்கிக்கிறேன்.