குவாம் ஆளுநர் பட்டியல்: 1898–99 இடைவெளி

கேள்வி: பசிபிக் தீவான குவாமில் ஸ்பெயினின் கடைசி ஆளுநர் ஹுவான் மரீனா 1898 ஜூனில் அமெரிக்காவிடம் சரணடைந்தார். அமெரிக்கக் கடற்படையின் ரிச்சர்ட் லியரி வந்ததோ 1899 ஆகஸ்டில். நடுவில் யார் பெயரைப் போடுவது?

பதில்: அமெரிக்கப் போர்க்கப்பல் சார்ல்ஸ்டனில் வந்த கேப்டன் ஹென்றி கிளாஸ் மரீனாவைக் கைதியாக ஏற்றிக்கொண்டு மணிலாவுக்குக் கிளம்பிவிட்டார், காவலுக்கு ஒரு சிப்பாயைக்கூட விட்டுப் போகவில்லை. பிறகு ஹோசே சிஸ்டோ, ஹோவாகின் பெரெஸ், வில்லியம் கோ என்று பொறுப்பு கைமாறியது. 'தற்காலிகம்' என்று தனியே குறியுங்கள்.

பதில்: ஜெர்மனியை இதில் நுழைத்துவிடாதீர்கள், பலரும் சறுக்குவது அங்கேதான். 1899இல் ஸ்பெயின் அவர்களுக்கு விற்றது வட மரியானாவை. குவாம், ஸ்பெயின்-அமெரிக்கப் போரை முடித்த 1898 பாரிஸ் ஒப்பந்தத்திலேயே அமெரிக்காவுக்குப் போயாச்சு. ஜப்பான் காலம் 1941 டிசம்பர் 10, அமெரிக்க ஆளுநர் மக்மில்லின் சரணடைந்ததிலிருந்து 1944 வரை.

பதில்: ஆளுநர் கார்லோஸ் கமாச்சோ பட்டியலில் இரண்டு முறை வருவார்: 1969இல் நியமனம், 1970இல் தேர்தல் வெற்றி.