அம்மோனியா இறங்காத நாட்கள்: உங்கள் அனுபவங்கள்

தோல் ஆலைப் பொறுப்பாளர்:
தோலில் ஏறிய சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் சல்பேட் போடும் ஆலைகளில் கழிவுநீர் எவ்வளவு அம்மோனியாவோடு வருமென்று இங்குள்ளோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்றிரவு எங்கள் காற்றூட்டல் தொட்டியில் பி.எச். 6-க்குக் கீழே இறங்கி, பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நைட்ரஜனேற்றம் அடியோடு நின்றிருந்தது. பதற்றத்தில், பி.எச்.-ஐ உயர்த்தக் காஸ்டிக் சோடாக் கரைசலை மொத்தமாக ஊற்றச் சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் பி.எச். 9-ஐத் தாண்டியது, நீரில் அயனியாக அடங்கிக் கிடந்த அம்மோனியம் வாயுவாக மாறிக் கிளம்ப, தொட்டி மேடையில் நின்றிருந்த உதவியாளர் கண்களைப் பொத்தியபடி, கைப்பிடியைத் தடவித் தடவிப் படியிறங்கி வந்தார். அந்தக் காட்சி என்னை இன்றும் விடவில்லை. பாக்டீரியாக்கள் மீள ஐந்து வாரங்கள் ஆயின.

எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) பராமரிப்பாளர், சென்னை:
காஸ்டிக்கை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. பி.எச். இறங்கும்வரை காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கும் திறனை, அளக்காமல் இருந்ததே முதல் பிழை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறுவதற்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மையும் 4.57 கிராம் ஆக்சிஜனும் செலவாகின்றன. எங்கள் அலுவலக வளாகத்தில் சிறுநீரின் பங்கு அதிகம் என்பதால் இதே சிக்கல் வந்தது. காற்றூட்டப் புதிய புளோயர் வாங்கியும் தீரவில்லை. தினமும் காலையில் காரத்தன்மையைப் பாருங்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே விடாதீர்கள். காஸ்டிக்கைவிடச் சோடியம் பைகார்பனேட் பாதுகாப்பானது, ஏனெனில் அது பி.எச்.-ஐ அவ்வளவு உயரத்திற்குத் தள்ளாது. காற்றில்லாத் தொட்டி ஒன்றை முன்னால் வைத்து நைட்ரேட் நீரை அங்கே திருப்பினால், செலவான காரத்தன்மையில் ஏறத்தாழப் பாதி திரும்பக் கிடைக்கும்.

ஆய்வு மாணவி:
ஐந்து வாரம் என்பதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் வளர்த்தவை அனாமாக்ஸ் பாக்டீரியாக்கள், அதாவது ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் சேர்த்து நைட்ரஜன் வாயுவாக மாற்றுபவை. அவை இரட்டிப்பாக ஏறக்குறைய பதினொரு நாட்கள் வேண்டும். ராட்டர்டாமில் 2002-இல் தொடங்கிய முதல் முழு அளவு உலையே நிலைபெற மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஒரு பங்கு அம்மோனியத்திற்கு 1.32 பங்கு நைட்ரைட் என்ற விகிதத்தில் இரண்டு குழாய்கள் வழியே ஊட்டி வந்தேன். ஒரு விடுமுறையில் அம்மோனியக் குழாய் அடைத்துக்கொள்ள, மூன்று நாட்கள் நைட்ரைட் மட்டும் உள்ளே போயிருக்கிறது. திங்களன்று கதவைத் திறந்தபோது, மாதுளை முத்துகளைப் போலச் சிவந்திருந்த குருணைகள் பழுப்பேறி மேலே மிதந்தன. பதினான்கு மாத உழைப்பு அது. முன்னவர் சொன்ன காலை அளவீடு சரிதான், ஆனால் விடுமுறை நாளில் அளப்பவர் யார் என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம்.

தோல் ஆலைப் பொறுப்பாளர்:
காரத்தன்மை பற்றிய கண்டிப்பை ஏற்கிறேன், அன்று அளக்கவில்லை. ஆனால் நான் எழுதியது அந்த உதவியாளருக்காக. பாதுகாப்புக் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருந்தது, சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவர் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை வந்தவர் முதலில் கேட்டது, “சார், பி.எச். இறங்கிடுச்சா?” என்பதுதான்.