மொபைல் டேட்டாவில் வயர்கார்ட் இணைகிறது, ஆனால் எதுவும் திறக்க மாட்டேன் என்கிறது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. வீட்டு சர்வரில் டெபியன் லினக்ஸ், அதில் வயர்கார்ட் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன்). ஆண்ட்ராய்டு போனிலிருந்து இணைக்கிறேன். வெளியில் வேறு வைஃபை கிடைத்தால் ஒரு குறையும் இல்லை. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் முதலில் அறிமுகமாகி இணைவது) ஆகிறது, பிங்குக்கும் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) பதில் வருகிறது. ஆனால் தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச் போட்டால் பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே நின்றுவிடுகிறது. போட்டோ கேலரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரவுட்டரில் வயர்கார்டுக்கான யுடிபி போர்ட் 51820-ஐ சர்வருக்கு ஃபார்வர்டு செய்திருக்கிறேன். இரண்டு பக்க கான்ஃபிகிலும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) 1420. குடும்பப் படங்கள் மொத்தமும் அந்த சர்வரில்தான் இருக்கின்றன, உதவுங்கள்.

பதில் 1:
சிஜிநாட்டாக (இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவது) இருக்கும். ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) 100.64 முதல் 100.127 வரைக்குள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போர்ட் ஃபார்வர்டு செய்து பயனில்லை.

பதில் 2:
வீட்டுப் பக்கம் சிஜிநாட் இருந்தால் வெளி வைஃபையிலிருந்தும் ஹேண்ட்ஷேக் ஆகியிருக்காதே அண்ணா. இங்கே வழி திறந்துதான் இருக்கிறது, பெரிய பாக்கெட் மட்டும் நுழையவில்லை. இது எம்டியு பிரச்சினை.

வயர்கார்டின் முதல் ஹேண்ட்ஷேக் செய்தி வெறும் 148 பைட், அதற்கான பதில் 92 பைட். சாதாரண பிங்கும் சின்னதுதான். அதனால் இவை எந்தச் சந்திலும் புகுந்து போய்விடும். எஸ்எஸ்ஹெச் சாவி பரிமாறும்போதுதான் முதல் பெரிய பாக்கெட் கிளம்புகிறது, சரியாக அங்கேதான் உங்களுக்கு நிற்கிறது. 1420 எங்கிருந்து வந்தது என்றால், 1500-இல் வயர்கார்டின் மேல்சுமையாக 80 பைட் கழித்த கணக்கு (ஐபிவி6 என்றால் 80, ஐபிவி4 என்றால் 60). மொபைல் நெட்வொர்க்கில் அந்த 1500 முழுசாகக் கிடைக்கும் என்று நம்பவே கூடாது.

ஊகத்தில் எதையும் மாற்றாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். போன் டேட்டாவில் இருக்கும்போது, சர்வரிலிருந்து போனின் டனல் ஐபிக்கு (வயர்கார்டுக்குள் போனுக்கு இருக்கும் முகவரி) 1392 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். பாக்கெட்டின் தலைப்பு (ஹெடர்) 28 பைட் சேர்த்தால் அது 1420. பிறகு 1252 பைட், அதாவது மொத்தம் 1280. முதலாவது தொலைந்து இரண்டாவதற்குப் பதில் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

போனில் இன்டர்ஃபேஸ் பகுதியில் எம்டியுவை 1280 ஆக்குங்கள். சர்வரிலும் அதையே போட்டுவிடுவது நல்லது. ஐபிவி6 எந்த இணைப்பிலும் குறைந்தபட்சம் 1280 கடந்தாக வேண்டும் என்கிறது, அதனால் அதற்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. வேகம் குறையுமோ என்று பயப்படாதீர்கள், போனில் அந்த வித்தியாசம் தெரியாது.

கேட்டவர்:
1392 போட்டால் சத்தமே இல்லை, 1252 உடனே வந்தது! இரண்டு பக்கமும் 1280 ஆக்கினேன், டேட்டாவிலேயே கேலரி முழுதும் திறக்கிறது. மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: போனைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் சர்வரிலிருந்து அதை எட்ட முடியவில்லை. இதற்கும் எம்டியுதான் காரணமா?

பதில் 2:
இல்லை, இது வேறு. பேச்சு இல்லாவிட்டால் வயர்கார்ட் எதையும் அனுப்பாது, வழியில் முகவரியை மாற்றித் தரும் நாட் அந்த இணைப்பை மறந்துவிடும். போன் பக்கம் பியர் (எதிர்முனை) பகுதியில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது அனுப்பும் சின்னச் செய்தி) 25 விநாடி என்று போடுங்கள். சர்வர் தானாகப் போனை அழைக்கத் தேவையில்லை என்றால் போடவே வேண்டாம், பேட்டரி மிச்சம்.