செஸ்னா 172: டிரிம் தட்டத் தட்ட மூக்கு ஆடுது, எங்கே தப்பு?

ஈசூன் இறக்கை:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா சிமுலேட்டர்ல ஏர்பஸ் ஏ320 மட்டும்தான் ஓட்டிட்டிருந்தேன். சாங்கியிலிருந்து பினாங்கு, சாங்கியிலிருந்து சென்னை, இப்படி. போன மாசம் தேசிய சேவையில கூட இருந்த நண்பன், “சின்ன விமானத்தைக் கையால ஓட்டு பார்ப்போம்”னு சீண்டிட்டான். செஸ்னா 172-ஐ எடுத்துக்கிட்டு சிங்கப்பூர் சிலேத்தார் விமான நிலையத்தோட 03 ஓடுபாதையிலிருந்து கிளம்பினேன். மானம் போச்சு.

ஏறுற வரைக்கும் பரவாயில்ல. 2,000 அடியில மட்டமாப் போகணும்னு பார்த்தா 2,300-க்குப் போகுது. டிரிம், அதாவது ஸ்டிக்கைக் கையால அழுத்திப் பிடிக்கிற வேலையைக் குறைக்கிற அமைப்பு, அதுக்கு நம்பர் பேட்ல 7 மூக்கை இறக்கும், 1 தூக்கும். 7-ஐ நாலு தட்டு தட்டினா 1,700-க்கு இறங்குது. 1-ஐத் தட்டினா மறுபடி ஏறுது. புலாவ் உபின் தாண்டுறதுக்குள்ள பின் சீட்டுல நிஜமா யாராவது இருந்திருந்தா வாந்தி எடுத்திருப்பாங்க. மணிக்கட்டு வேற வலி.

வீட்டுலயும் ஆறுதல் இல்ல. விமானத்தோட வால்ல மூக்கை ஏத்தி இறக்குற பலகைக்குப் பேரு எலிவேட்டர். “எலிவேட்டர் சரியா நிக்க மாட்டேங்குது”ன்னு புலம்பினேன். அம்மா, “எந்த மாடியில? நகர மன்றத்துக்குப் போன் போடேன்”ங்கிறாங்க. அடுக்குமாடி லிஃப்டைப் பார்த்துக்கிறது அந்த மன்றம்தானே.

டிரிம்னா உயரத்தைப் பிடிச்சு வைக்கிறதுதானே? எத்தனை தட்டு தட்டணும்னு கணக்கு ஏதாவது இருக்கா? என்கிட்ட இருக்கிறது மேசை மேல வைக்கிற சாதாரண ஜாய்ஸ்டிக். தனி டிரிம் சக்கரம் எல்லாம் கிடையாது.

தெம்பனிஸ் வால்காற்று:

ஏ320-ல ரெண்டு வருஷம் இருந்தா இப்படித்தான் ஆகும். சாதாரண நிலையில அந்த விமானம் தானே டிரிம் பண்ணிக்கும், ஸ்டிக்கை விட்டாலும் மூக்கு விட்ட இடத்துல நிக்கும். செஸ்னாவுக்கு அந்தப் புத்தி கிடையாது. கொஞ்சம் பொறுங்க, நம்ம பழைய அண்ணன் வந்து விளக்குவார்.

பழைய கைப்பிடி:

வந்துட்டேன். தம்பி, கேள்வியிலேயே தப்பு இருக்கு. டிரிம் உயரத்தைப் பிடிக்காது, வேகத்தைப் பிடிக்கும். 90 நாட் (knot, மணிக்கு இத்தனை கடல்மைல்னு சொல்ற அளவு) வேகத்துக்கு டிரிம் பண்ணி வச்சா விமானம் அந்த 90-ஐத் தேடிக்கிட்டே இருக்கும். வேகம் கூடினா மூக்கைத் தூக்கும், குறைஞ்சா மூக்கை இறக்கும். ஏறணுமா இறங்கணுமான்னு முடிவு பண்றது திராட்டில், அதாவது எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கிற பிடி.

இப்ப உங்க கதையைப் பாருங்க. 74 நாட்டுல ஏறிக்கிட்டு வந்திருப்பீங்க, டிரிம் அதுக்குத்தான் நின்னுச்சு. 2,000 அடியில மூக்கை இறக்கின உடனே வேகம் கூட ஆரம்பிக்கும். ஆனா 100 நாட்டைத் தொட்டு நிக்க முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம் ஆகும். நீங்க 80 வரும்போதே 7-ஐத் தட்டுறீங்க. 90-ல மூக்கு மறுபடி தூக்குது, இன்னொரு தட்டு. அதுக்குள்ள ஏறிடுச்சேன்னு பயந்து ரெண்டு தட்டு அதிகம். அது பள்ளத்துல இறங்குது, வேகம் ஏறுது, திரும்ப மேல. கையை விட்டாக்கூட இந்த மேல-கீழ ஆட்டம் சுற்றுக்கு இருபது முப்பது விநாடின்னு தானா நடக்கும். ஆனா விட்டு வச்சா மெல்ல அடங்கும். தட்டித் தட்டி அதை வளர்த்து விட்டது நீங்கதான்.

அதனால மொதல்ல கை, அப்புறம் திராட்டில், கடைசியிலதான் டிரிம். ஸ்டிக்காலேயே மூக்கை அடிவானத்துக்குக் கீழ சரியான இடத்துல பிடிச்சு வைங்க. திராட்டிலை 2,300 ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்துற எண்ணிக்கை) குறைங்க. வேக முள் நகர்றதை நிறுத்துற வரைக்கும் பொறுமையா உக்காருங்க. சிமுலேட்டர் ஆளுங்க யாருக்கும் இந்த உக்காருறதுதான் வராது. முள் நின்ன பிறகு, கையில என்ன அழுத்தம் இருக்கோ அதை மட்டும் டிரிமுக்கு மாத்திவிடுங்க. எத்தனை தட்டுன்னு கணக்கே கிடையாது, ஏன்னா எரிபொருள், ஆள், ஃபிளாப் (இறக்கையோட பின்விளிம்புல கீழ இறக்குற பலகை) எல்லாத்துக்கும் அது மாறும்.

1998-ல ஜோகூர்ப் பக்கம் ஒரு பறக்கும் மன்றத்துல 14 மணி நேரம் பழகினேன். காசு தீர்ந்தது, விட்டுட்டேன். அங்க இருந்த பயிற்றுநர் மட்டமாப் பறக்கும்போது திடீர்னு “கையைக் கட்டு” என்பார். நான் கையைக் கட்டின உடனே மூக்கு குப்புன்னு கீழ போகும். அவ்வளவு நேரமும் நான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கேன், எனக்கே தெரியல. பேரங்காடியில ஒரு பக்கமா இழுக்குற தள்ளுவண்டியை நம்ம கை தன்னால திருத்திக்கிட்டே போகுமே, அது மாதிரி. அதுக்கப்புறம் ரெண்டு விரலால மட்டும்தான் பிடிக்க விட்டார்.

இங்கதான் சிமுலேட்டர் காலை வாரும். நிஜ விமானத்துல நீங்க கைப்பிடியைப் பிடிச்ச இடத்துலயே வச்சுக்கிட்டு சக்கரத்தை உருட்டினா, கைப்பிடி நகராது, அழுத்தம் மட்டும் கரைஞ்சு போகும். உங்க ஜாய்ஸ்டிக்குல ஸ்பிரிங் இருக்கு, அது எப்பவும் நடுவுக்குத்தான் திரும்பும். ஸ்டிக்கை அப்படியே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு டிரிமும் கூட்டினா ரெண்டும் சேர்ந்து மூக்கைத் தூக்கிடும். அதனால ஒரு தட்டு, ஸ்டிக்கைக் கொஞ்சம் தளர்த்து. இன்னொரு தட்டு, இன்னும் கொஞ்சம் தளர்த்து. மூக்கு அசையவே கூடாது. ஸ்டிக் நடுவுக்கு வந்து சேரும்போது டிரிமும் முடிஞ்சிருக்கணும். எனக்கே இது கைவர ஒரு வாரம் ஆச்சு. நிஜத்துல பழகினவன்ங்கிற திமிர் வேற தடுத்துச்சு.

இன்னொண்ணு, ஒரு தடவை வெளிக்காட்சிக்குப் போய் வாலைப் பாருங்க. வலப்பக்க எலிவேட்டரோட பின்விளிம்புல சின்னதா ஒரு தகடு இருக்கும், இடப்பக்கம் கிடையாது. மூக்கு மேல வர்ற மாதிரி டிரிம் பண்ணினா அந்தத் தகடு கீழ இறங்கும். காத்து அதைத் தள்ள, எலிவேட்டர் மேல வரும். அவ்வளவு சின்னத் தகடு அவ்வளவு பெரிய விமானத்தை அசைக்குறதைப் பார்த்த பிறகு நான் பட்டனைப் பட்டுப் பட்டுன்னு தட்டுறதை நிறுத்திட்டேன்.

உட்லண்ட்ஸ் ஓட்டி:

அண்ணன் சொன்னது சரி. ஆனா ஒரு தட்டுக்கு எவ்வளவு நகருதுன்னு பார்க்காம விட்டா ஒண்ணும் நடக்காது. என்னோடதுல ஒரு தட்டே அதிகமா இருந்துச்சு. விசையை அழுத்திப் பிடிச்சா இன்னும் மோசம், ஓடிக்கிட்டே போகும். பிடிக்காதீங்க, தனித்தனியாத் தட்டுங்க. ஆட்டோபைலட் போட்டிருக்கும்போது டிரிமைத் தொடவும் வேணாம், அது தனக்குத் தானே டிரிம் பண்ணிக்கும்.

வசதி இருந்தா ஒரு டிரிம் சக்கரம் வாங்குங்க. கையில உருட்டுறப்ப வர்ற நிதானம் பட்டன்ல வராது.

பழைய கைப்பிடி:

சக்கரம் வாங்கினாலும் கை பழகலன்னா அதே ஆட்டம்தான், என்ன, கொஞ்சம் விலை உசந்த ஆட்டம். காசை வச்சுக்குங்க தம்பி.

பொங்கோல் பட்டம்:

எல்லாரும் மட்டமாப் பறக்குறதையே பேசுறீங்க. நான் விழுந்தது இறங்குறப்ப. 65 நாட்டுல, முழு ஃபிளாப்போட, மூக்கு தூக்குற பக்கம் நிறைய டிரிம் போட்டு வந்துக்கிட்டிருந்தேன். ஓடுபாதையில குறுக்க இன்னொரு விமானம். முழு திராட்டில் கொடுத்து மறுபடி ஏறப் பார்த்தேன். மூக்கு வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கிச்சு, வேக முள் 50-க்குக் கீழ போச்சு, ஸ்டால், அதாவது இறக்கை விமானத்தைத் தூக்க முடியாம விட்டுடுச்சு. ஜோகூர் நீரிணையில போய் விழுந்தேன். அந்த நேரத்துல ஸ்டிக்கை நல்லா முன்னாடி தள்ளிப் பிடிக்கணும், அது எவ்வளவு கனமா இருந்தாலும். பிடிச்சுக்கிட்டே டிரிமைக் கீழ கொண்டு வரணும். ஃபிளாப்பைப் படிப்படியா எடுக்கணும், ஒரேயடியா இல்ல.

கிளம்புறதுக்கு முன்னாடி டிரிம் முள் டேக்-ஆஃப் குறியில இருக்கான்னும் பாருங்க. முந்தின தரையிறக்கத்தோட டிரிமை அப்படியே விட்டுட்டுக் கிளம்பினா இதே கதிதான்.

ஈசூன் இறக்கை:

நேத்து ராத்திரி ரெண்டு மணி நேரம் பழகினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுசா ஒரு நிமிஷம் டிரிமைத் தொடாம உக்காந்தது, சத்தியமா, ரொம்பக் கஷ்டம். ஆனா நாலாவது தடவை 2,000-லயே நின்னுச்சு, அம்பது அடி முன்னப்பின்ன.

அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு ஒண்ணு செஞ்சு பார்த்தேன். டிரிமைத் தொடாம, 2,300-லிருந்து 2,000 ஆர்பிஎம்முக்கு திராட்டிலை மட்டும் குறைச்சேன். மூக்கு தானா இறங்குச்சு, ரெண்டு தடவை ஆடுச்சு, விமானம் கீழ இறங்கிக்கிட்டே இருக்கு, வேகம் மட்டும் கிட்டத்தட்ட முன்னாடி இருந்த இடத்துக்கே திரும்பி வந்துடுச்சு. அண்ணே, நீங்க ‘தேடும்’னு சொன்னது அப்பதான் புரிஞ்சுது.

தரையிறக்கம் இன்னும் வரல. 10 டிகிரி ஃபிளாப் போட்ட உடனே பலூன் மாதிரி மேல எழும்புது. அதுக்கும் மொதல்ல கை, அப்புறம்தான் டிரிமா?

பழைய கைப்பிடி:

அதே வரிசைதான். மொதல்ல தள்ளிப் பிடிச்சு எழும்புறதை அடக்குங்க. 110 நாட்டுக்கு மேல ஃபிளாப்பைத் தொடாதீங்க, 10-ஐத் தாண்டணும்னா 85-க்குக் கீழ வந்திருக்கணும். சனிக்கிழமை ராத்திரி நானும் சிலேத்தார்லதான் சுத்திக்கிட்டிருப்பேன், வாங்க. அம்மாகிட்ட சொல்லிடுங்க, நகர மன்றத்துக்குப் போன் போட வேணாம்னு.