ஆவணிக் கல்யாணம், இலங்கையில் தேனிலவு: வழி சொல்லுங்களேன்

ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். செப்டம்பர் முதல் வாரம் தொடங்கி எட்டு இரவுகள் இலங்கையில் தங்கப் போகிறோம். அவளுக்கு மலை ஏற வேண்டும், எனக்கு யானையும் கடலும். புது ஷூ காலுக்குப் பழகட்டும் என்று வாரம் தவறாமல் பரங்கிமலைப் படி ஏறுகிறாள். நான் கீழே இளநீர்க் கடையில் காத்திருப்பேன், அது வேறு கதை.

முதலில் தெற்கே மிரிஸ்ஸா கடற்கரை, யால வனவிலங்குப் பூங்கா என்றுதான் நினைத்தோம். ஆனால் அந்த மாதம் தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்குமாம், யாலவின் முக்கியப் பகுதியையும் வழக்கமாக மூடிவிடுவார்களாம். கிழக்குப் பக்கம்தான் அப்போது வெயிலும் அமைதியான கடலும். அதனால் மின்னேரியாவில் குளம் வற்றும் நேரத்தில் கூடும் யானைக் கூட்டம், அப்புறம் திருகோணமலை நிலாவெளியில் மூன்று நாள், புறாத்தீவில் பவளப்பாறை என்று மாற்றிவிட்டோம்.

மலைதான் இன்னும் முடிவாகவில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரா, ‘எல்ல’ என்ற மலையூரா? நக்கிள்ஸில் அட்டைக்கடி அதிகம் என்கிறார்கள். உப்புத் தடவினால் போதுமா, தனிக் காலுறை வேண்டுமா? ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க விடியலிலேயே போக வேண்டுமாம், மணி பத்தானால் பனி மூடிவிடுமாம். செப்டம்பரில் அந்தக் குளிருக்கும் மழைக்கும் போவது சரிவருமா?

ஓட்டுநரோடு கார் எடுப்பதா, பஸ், ரயிலிலேயே சமாளிப்பதா? விமானக் கட்டணம் போக, இருவருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் இந்திய ரூபாய் வைத்திருக்கிறோம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.