ஐரிஷ் நாவலாசிரியை ஜோசஃபின் ஹார்ட் நடத்திய கவிதை வாசிப்பு மாலை நிகழ்ச்சிக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கிங்ஸ்கிராஸ்வாசி:
பிரிட்டிஷ் நூலகத்தில் அவர் நடத்திய கவிதை மாலைக்கு ஒரே ஒரு தடவை போனேன். அன்று டி.எஸ். எலியட்டின் கவிதைகள். எப்படி நடக்கும் என்று தெரியும்தானே, அவர் முதலில் கவிஞரின் வாழ்க்கையைச் சொல்வார், அப்புறம் நடிகர்கள் வாசிப்பார்கள். மேடையில் நடந்தது எனக்குப் பாதி மறந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மா, நனைந்த கோட்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, வாசிப்பவருக்கு அரை நொடி முன்னாலேயே ஒவ்வொரு வரியையும் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிக்கொண்டே வந்தார். நடிகர் ஓரிடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார், இவரும் நிறுத்தினார். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசாமல் வந்துவிட்டேன். 2011 ஜூனில் ஹார்ட் இறந்த செய்தி வந்தபோது அந்த அம்மாவின் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

வாசகன்72:
நான் அவருடைய 'டேமேஜ்' நாவல் மட்டும்தான் படித்தேன், இரவு ஷிஃப்டில், ஒரே மூச்சில். மகனின் காதலியிடம் போய் விழும் அப்பன். முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் தூங்கிக்கொண்டிருந்த என் மகன் முகத்தைப் பார்க்கக் கூசியது. நாவல் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் கவிதை மாலையை இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டுமா? விளம்பர உலகின் மாரிஸ் சாச்சியின் மனைவி கூப்பிட்டால் நாடகாசிரியர் பின்டரும் வருவார், நடிகர் ரால்ஃப் ஃபைன்ஸும் வருவார்.

முல்லை:
வாசகன் அண்ணா, இது அநியாயம். சாச்சியை மணப்பதற்கு முன்பே அவர் ஹேமார்க்கெட் பதிப்பகத்தில் இயக்குநர். கவிதை வாசிப்பை 1980களிலேயே 'கேலரி பொயட்ஸ்' என்று தொடங்கிவிட்டார், 'டேமேஜ்' வந்ததே 1991இல்தான். அயர்லாந்தில், முல்லிங்காரில், 17 வயதுக்குள் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேரைப் பறிகொடுத்தவர். அதில் ஒரு சகோதரர் போனது வெடிவிபத்தில். 2009இல் வந்த கடைசி நாவல் அப்படி ஒரு பையன் சாவதில்தான் தொடங்குகிறது, அவன் மனசுக்குள்ளிருந்தே, உடைந்து உடைந்து வரும் வார்த்தைகளில். என் தம்பி விபத்தில் போன வருடம் அதைக் கையில் எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை. இன்னும் நாலாம் பக்கத்துக்குப் போகவில்லை.

டீச்சரம்மா:
2006இல் அவர் தொகுத்த கவிதைப் புத்தகத்தைக் குறுந்தகட்டோடு இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்பினார்கள். எங்கள் வகுப்பில் போட்டேன், நடிகர் ரோஜர் மூர் குரலில் கிப்ளிங் கவிதை. எப்போதும் மேஜையில் தலை கவிழ்ந்திருக்கும் பையன் நிமிர்ந்தான், அவ்வளவுதான். முல்லை, கேட்காமலே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த நாலாம் பக்கத்தைக் கண்ணால் படிக்காதே, வாய்விட்டுப் படி. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார், கதவைச் சாத்திக்கொள், நின்றுகொண்டு படி, உட்கார்ந்தால் குரல் உள்ளேயே போய்விடும். வரி முடிகிற இடத்தில் நிறுத்தாதே, அர்த்தம் முடிகிற இடத்தில் நிறுத்து. அழுகை வந்தால் விட்டுவிட்டு, அதே வார்த்தையிலிருந்து மறுபடி தொடங்கு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். அப்புறம், அடுப்பை முதலில் அணைத்துவிடு.